சுல்காட்டா ஆமைக்குட்டிக்கு வீட்டுக்குள் கூண்டு அமைப்பது எப்படி?

மணல் பரப்பிய திறந்த பெட்டியில் வளரும் குட்டியின் ஓடு கூம்பு கூம்பாக எழும்புவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வறட்சிதான் காரணம். சகாராவின் தெற்கு விளிம்பைச் சேர்ந்த இந்த ஆமை, கொளுத்தும் வெயிலில் ஈரம் காக்கும் வளைக்குள் பதுங்கிக்கொள்ளும். பாலைவனப் பிராணி என்று காயவிடுவதுதான் தப்பு.

மணலை அள்ளிவிடுங்கள், தீனியோடு போய்க் குடலை அடைக்கும். 120×60 செ.மீ. பெட்டியில் தேங்காய் நார்த்தூளை 8–10 செ.மீ. பரப்பி நீர் தெளித்துக் கிளறுங்கள். பிடித்தால் உருண்டையாக நிற்கணும், பிழிந்தால் சொட்டக்கூடாது. மேலே மூடிவிட்டால் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிற்கும்.

ஆனால் ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால் சளி நுரையீரலுக்கு இறங்கிவிடும். இரவிலும் 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாதபடி, வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரை, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு மாட்டுங்கள். ஒரு மூலையில் மட்டும் 35–38 டிகிரி. எதிர்மூலையில் ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம்.

யூவிபி என்னும் புற ஊதாக் கதிருக்கு நீளக் குழல் விளக்கே நல்லது. இடையில் கண்ணாடி இருந்தால் கதிர் வராது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் குறைந்துபோகும், ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள்.

தினமும் 15–20 நிமிடம், தாடைக்குக் கீழே நிற்கும் வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள். எழும்பிவிட்ட கூம்பு தணியாது. புதிதாக வளரும் ஓடு சமமாக வரும்.