2147483647 பகா எண் என்று கணினி இல்லாத காலத்தில் எப்படி நிரூபித்தார்கள்?

இது 2³¹ − 1, எட்டாவது மெர்சென் பகா எண் (2-இன் அடுக்கு ஒன்றிலிருந்து 1 கழித்தால் வரும் பகா எண்). 1772-ல் கணிதவியலாளர் ஆய்லர் இதைப் பகா எண் என்று நிரூபித்தார். இதன் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டும். அதுவரை உள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதென்றால் கிட்டத்தட்ட 4,800 வகுத்தல்கள்! யாருக்குப் பொறுமை இருக்கும்?

ஆனால் இதற்குப் பகாக் காரணி ஒன்று இருந்தால், அதை 62-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வருபவை மட்டுமே தேறும். அப்படி மிஞ்சுபவை வெறும் 84 பகா எண்கள். அவற்றில் எதுவுமே மீதியின்றி வகுக்கவில்லை. சரி, கதை முடிந்தது.

அப்புறம், இதை 2³⁰-ஆல் பெருக்கினால் ஒரு நிறைவெண் (தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) கிடைக்கும். இருமத்தில் (0, 1 மட்டும் கொண்ட எண்முறை) எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள்; கணினியில் 32 பிட் (இரும இலக்க) இடத்தில் கூட்டல்/கழித்தல் குறியோடு சேமிக்கும் முழு எண்ணின் உச்சவரம்பும் இதுதான்.