'எளிய' இசையா?

கேள்வி: கொலம்பியா, வெனிசுவேலா சமவெளிகளில் மாடு மேய்ப்பவர்கள் ஹார்ப் வாசித்துப் பாடுவதை ஒரு காணொலியில் பார்த்தேன். இனிமையாக இருந்தது. இந்த எளிய நாட்டுப்புற இசைக்கு அவ்வளவு பெரிய வாத்தியம் எப்படி வந்தது?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வாத்தியம் வந்த கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஓரினோகோ ஆற்றுச் சமவெளியில் இயேசு சபைத் துறவிகள் மதப்பணியும் செய்தார்கள், பெரிய மாட்டுப் பண்ணைகளும் நடத்தினார்கள். அவர்களோடு வந்தது ஹார்ப். 1767இல் ஸ்பெயின் மன்னர் அவர்களை வெளியேற்றினார். வாத்தியம் மாட்டுக்காரர்களிடம் தங்கிவிட்டது.

என்னை உறுத்துவது 'எளிய' என்று நீங்கள் எழுதியிருப்பது. நாட்டுப்புறம் என்றதும் அந்தச் சொல்லும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. யார் சொன்னது எளிது என்று?

நீங்கள் கேட்டது ஹொரோபோ. ஆறு எண்ணிக்கைக்குள் இரண்டு கணக்கு ஒரே நேரத்தில் ஓடும் இசை அது. ஒரு கணக்கு இரண்டிரண்டாக மூன்று தடவை போகும். மற்றது மும்மூன்றாக இரண்டு தடவை. ஹார்ப்காரரின் இடக்கை ஒன்றைப் பிடித்திருக்கும்போதே வலக்கை மற்றதில் பறக்கும். உட்கார்ந்து இரண்டு கையாலும் தொடையில் தட்டிப் பாருங்கள், புரியும். பெரும்பாலும் 32 கம்பிகள். மேற்கத்திய அரங்குகளில் இருக்கும் ஹார்ப்பில் சுருதி மாற்றக் கால்மிதிகள் உண்டு, இதில் கிடையாது. முன்கூட்டிச் சேர்த்து வைத்த சுரங்களுக்குள்ளேயே அத்தனை வேகத்தையும் காட்டியாக வேண்டும்.

பக்கத்தில் குவாத்ரோ, சின்னக் கிதார் மாதிரி ஒரு வாத்தியம். நான்கே கம்பிகள். மூன்று படிப்படியாக மேலே போகும். நான்காவது மேலே போகாமல் கீழே இறங்கி நிற்கும். வாசிப்பவர் கம்பிகளை மீட்டிய கையாலேயே நடுநடுவே அழுத்தி ஓசையை வெட்டுவார். அந்த 'டக்' என்ற வெட்டில்தான் தாளம் நிற்கிறது. தனியாக மத்தளம் எதுவும் இல்லை. மிச்சத்தை மராக்காஸ் பார்த்துக்கொள்ளும். நம் ஊரில் திருவோடு செய்யும் அதே மரத்தின் காய் ஓட்டுக்குள் கல்வாழை விதைகளைப் போட்டு அடைத்த கிலுகிலுப்பைகள் அவை. அதைக் குழந்தை விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்கள், ஒரு நல்ல மராக்காஸ்காரர் தனி வாசிக்கும்போது ஒரு தடவை கேட்டுவிட்டு வந்து பேசட்டும்.

பாட்டுக்கு வருகிறேன். இரண்டு பாடகர்கள் எதிரெதிரே நின்று அந்த இடத்திலேயே கட்டிப் பாடும் போட்டி ஒன்று உண்டு. கோந்த்ராபுந்தேயோ என்பார்கள். வரிக்கு எட்டு அசை. எதிராளி விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, இயைபு பிசகாமல் பதில் சொல்ல வேண்டும். வாத்தியங்கள் யாருக்காகவும் காத்திருக்காது. வெனிசுவேலாக் கவிஞர் அல்பெர்த்தோ அர்வேலோ தொர்ரெயால்பா, ஒரு பாடகன் சாத்தானோடு இப்படி மோதுவதாக நெடுங்கவிதையே எழுதினார். அந்த மண்ணில் பாட்டுத் திறமைக்கு அவ்வளவு மதிப்பு.

இதற்கெல்லாம் அடியில் கம்பியே இல்லாத பாட்டு ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு உயிர். கறவை நேரத்தில் ஒவ்வொரு பசுவையும் பெயர் சொல்லிப் பாடி அழைப்பார்கள். மந்தையை நாள்கணக்கில் ஓட்டிப்போகும்போது முன்னால் குதிரையில் போகிறவர் பாடிக்கொண்டே போவார். இரவில் மாடுகள் மிரண்டு ஓடாமலிருக்கக் காவல்காரர் பாடுவார். குரலைத் தவிர எதுவும் கிடையாது. லாரிகள் மந்தையை ஏற்றிப்போகத் தொடங்கியபின் பாடிக்கொண்டே முன்னால் போக யாரும் தேவைப்படவில்லை. 2017இல் யுனெஸ்கோ இந்த வேலைப் பாட்டுகளை உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மேடையில் ஹொரோபோ செழிப்பாகத்தான் இருக்கிறது. கொலம்பியாவின் வில்லாவிசென்சியோ நகரில் ஆண்டுதோறும் பெரிய போட்டியே நடக்கிறது. ஆனால் மாடு இல்லாத மேடையில் கறவைப் பாட்டை எத்தனை நாள் காப்பாற்ற முடியும்? பரிசும் கைதட்டலும் அந்த வேலைக்கு ஈடாகாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

'நாட்டுப்புற' என்ற மற்றச் சொல்லிலும் எனக்குப் பழைய வழக்கு ஒன்று பாக்கி. கிராமத்துப் பாட்டென்றால் ஆக்கியவர் பெயர் வேண்டாம் என்று ஒரு மேடையில் ஒரு விமர்சகர் அடித்துச் சொன்னார். அன்றும் மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். வெனிசுவேலாவின் ஆப்பூரே மாநிலத்து ஹார்ப் மேதை இக்னாசியோ ஃபிகெரேதோவுக்குப் பெயர் இல்லையா? கறவைப் பாட்டின் சாயலில் புதிதாக எழுதி அதை நகரத்துக்குக் கொண்டுவந்த வெனிசுவேலாப் பாடகர் சிமோன் தியாஸுக்கு இல்லையா? 1987இல் ஜிப்சி கிங்ஸ் குழுவின் 'பம்போலேயோ' உலகமெங்கும் ஒலித்தது. அதில் ஒரு பகுதி தியாஸ் 1980இல் தந்த 'கபாயோ வியேஹோ' பாட்டிலிருந்து வந்தது. ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

நமக்கு வரும் இசைக் கட்டுரைகளிலும் இதே கதைதான். பாடகரைப் பற்றி நான்கு பக்கம், பக்கவாத்தியக்காரர்களுக்கு 'குழுவினர்' என்று ஒரே சொல். அப்படி வருபவற்றை இனித் திருப்பி அனுப்பிவிடுவதாக இருக்கிறேன்.

நீங்கள் பார்த்த காணொலியை மறுபடி போடுங்கள். இந்தத் தடவை ஹார்ப்பை விட்டுவிட்டு மராக்காஸை மட்டும் கேளுங்கள். வாசித்தவர் பெயரைக் கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.