ரத்தம் கொட்டும்போது தூள் டப்பாவைத் தேடாதீர்கள்

தீபாவளி முடிந்த கையோடு, நாய் பூனை வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரான எனக்கு எழுதிய கடிதங்கள் இவை. பாதிக்கு மேல் ரத்தம்தான்.

கே: வெடிச் சத்தத்துக்குப் பயந்து எங்கள் நாய் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்துவிட்டது. முன்னங்காலில் ரத்தம் கொட்டியது. ஆயா மஞ்சள்தூளும் காப்பித்தூளும் அப்பினார். சரிதானா? (சாட்ஸ்வர்த், டர்பன்)

ப: சரியில்லை. ஆயாவைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் இதே பழக்கம்தான் இருந்தது. ஆனால் பீறிடும் ரத்தம் தூளுக்கு நிற்காது. போன தீபாவளிக்கு ஒரு பொமரேனியன் என் மேசைக்கு வந்தது. கால் முழுக்கக் காப்பித்தூளும் ரத்தமும் சேறாக அப்பிக் கிடந்தன. அதைக் கழுவி, வெட்டுப்பட்ட ரத்தக்குழாயைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆனது. அதற்குள் ரத்தம் போய் ஈறு வெள்ளைத்தாளாகிவிட்டது.

சுத்தமான துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். பத்து நிமிடம். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் பிய்ந்து வந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. கண்ணாடி ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், சுற்றிலும் அழுத்துங்கள். ஈறு வெளுத்தால் பத்து நிமிடமும் காத்திருக்க வேண்டாம். ஒருவர் வண்டி ஓட்ட, ஒருவர் அழுத்திப் பிடிக்க, உடனே கிளம்புங்கள். பத்து கிலோ நாய்க்கு மொத்த ரத்தமே ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கால் லிட்டர் போனாலே உயிருக்கு ஆபத்து.

கே: ஷூ லேஸால் காலை இறுக்கிக் கட்டலாமா?

ப: வேண்டாம். கட்டுக்குக் கீழே கால் செத்துப்போகும். அழுத்துங்கள்.

கே: என் பூனைக்கு ரத்தம் வருகிறது. என்ன மருந்து?

ப: எங்கிருந்து? எவ்வளவு நேரமாக? ஒன்றுமே எழுதாமல் மருந்து கேட்டால் எப்படி? ரத்தம் வரும் நேரத்தில் கடிதம் எழுதாதீர்கள், பக்கத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். வலிக்கிறதே என்று பனடோ (பாராசிட்டமால் மாத்திரை) கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

கே: காயமே இல்லை, நாயின் மூக்கில் ரத்தம். நான்கு நாள் முன்பு எலி விஷம் வைத்தோம். (ஃபீனிக்ஸ், டர்பன்)

ப: இப்போதே கொண்டுபோங்கள், விஷப் பாக்கெட்டோடு. பல எலி விஷங்கள் தின்ற அன்று ஒன்றும் காட்டாது. மூன்று நான்கு நாள் கழித்துத்தான் ரத்தம் உறையாமல் போகும். வைட்டமின் கே1 வாரக்கணக்கில் கொடுக்க வேண்டிவரும். உண்ணிக் காய்ச்சலிலும் மூக்கில் ரத்தம் வரும், அதைப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வார்கள்.

கே: நகம் வெட்டும்போது ரத்தம் வந்துவிட்டது.

ப: மேசீனா சோளமாவில் நகத்தை அழுத்தி ஐந்து நிமிடம் பிடியுங்கள். தூள் அங்கே மட்டும்தான்.