உழைக்காதவர்களா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

முதுகலை ஆய்வேட்டுக்கு ருமேனியாவை எடுத்திருக்கிறேன். 1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பின் அங்கே வந்த அந்நிய முதலீட்டில் பாதிக்கும் மேல் தலைநகர் புக்கரெஸ்டைச் சுற்றியே இருக்கிறது. வடகிழக்குக்குப் போனது சொற்பம். வரிச்சலுகை தந்தால் கம்பெனிகள் அங்கே போகுமா? அந்தப் பகுதி மக்களிடம் உழைக்கும் மனப்பான்மை குறைவு என்பதும் ஒரு காரணமோ?

ம.

அன்புள்ள ம.,

சலுகைக்காக வருகிறவன் வேறிடத்தில் செலவு குறைந்தால் கிளம்பிவிடுவான். ஜெர்மனியில் போஹும் ஆலையை மூடிவிட்டு 2008-ல் ருமேனியாவின் வடமேற்கில் க்ளூஜ் அருகே ஜுக்கு கிராமத்துக்கு வந்த நோக்கியா, 2011-ல் அதையும் மூடப்போவதாக அறிவித்தது. க்ளூஜ் பல்கலைக்கழக நகரம், அதனால் காலி ஆலையை வாங்க காபி மெஷின் செய்யும் இத்தாலியின் டிலோங்கி வந்தது. வடகிழக்கில் இருக்கும் வஸ்லுயில் என்றால் புல்தான் முளைத்திருக்கும். சலுகை பற்றி இவ்வளவு போதும்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். யார் சொல்லிக்கொடுத்தது இதை?

வடக்கு இத்தாலியில் ஒருமுறை ரயிலில் எதிரே ஒரு வஸ்லுய்க்கார அம்மா உட்கார்ந்திருந்தார். படுத்த படுக்கையான ஒரு கிழவியைக் கவனித்துக்கொள்ளும் வேலை. கழுவுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ராத்திரி விழிப்பது எல்லாம் அவர்தான். மகன் ஊரில் பாட்டியிடம் வளர்கிறான். பாட்டியைத்தான் அம்மா என்கிறானாம், இவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறானாம். சிரித்துக்கொண்டே சொன்னார். இவரிடமா உழைக்கும் மனப்பான்மை இல்லை? அந்த வட்டாரத்து ஆட்கள் ஸ்பெயின் தோட்டங்களிலும் இத்தாலியக் கட்டட வேலைகளிலும் முதுகு ஒடிய உழைக்கிறார்கள். உள்ளூரில் மட்டும் சோம்பேறி ஆகிவிடுவார்களா?

இல்லாதது சாலை. 2019-ல் சுச்சாவாவில் ஒரு தொழிலதிபர் சொந்தக் காசில் ஒரே ஒரு மீட்டர் அதிவேக நெடுஞ்சாலை போட்டுத் திறப்பு விழா நடத்தினார். அரசாங்கத்துக்குச் சூடு போடத்தான். வடகிழக்கில் அன்று அப்படிச் சாலை ஒரு கிலோமீட்டர்கூடக் கிடையாது. கார்பேதிய மலையைச் சுற்றி லாரி ஊர்ந்து வரவேண்டிய ஊரில் யார் ஆலை கட்டுவான்? முதலீடு ஏற்கெனவே ஏதாவது இருக்கும் இடத்துக்குத்தான் போகும். பிரான்சின் ரெனோ 1999-ல் ருமேனியக் கார் கம்பெனி டாச்சியாவை வாங்கியபோது, மியோவேனி ஊரில் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்கு காலத்து ஆலையும் கைதேர்ந்த தொழிலாளிகளும் தயாராக இருந்தார்கள்.

யாஷ் நகரைப் பாருங்கள். அதே வடகிழக்கு, அதே சனம். ஆனால் 1860-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது, மென்பொருள் கம்பெனிகள் வந்தன. பெட்டியில் சரக்கு ஏற்றாத தொழிலுக்கு மலை குறுக்கே நிற்கவில்லை.

கெட்டிக்காரப் பிள்ளைதான் நீங்கள், எண்களை ஒழுங்காகப் படித்திருக்கிறீர்கள். அந்த மனப்பான்மை வரியை அடித்துவிட்டு, யாஷுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்குங்கள். வழிகாட்டி முகம் சுளித்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், திட்டை நான் வாங்கிக்கொள்கிறேன்.