கதை விக்கியில் உண்மை நூலுக்கு இடம் உண்டா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து கதை உத்திகளுக்கென்று தமிழில் ஒரு விக்கி நடத்துகிறோம். நாவல், சினிமா, கூத்து எல்லாவற்றுக்கும் பக்கங்கள் உண்டு. கண்டி அரசனிடம் பல ஆண்டு கைதியாக இருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் தன் அனுபவத்தை எழுதிய இலங்கை நூலுக்கு ஒருவர் பக்கம் தொடங்கினார். "நடந்ததை எழுதினால் அது கதையா?" என்று கேட்டு இன்னொருவர் நீக்கிவிட்டார். யார் பக்கம் நியாயம்?
– வாசகர், மூதூர்

பதில்: நீக்கிய பக்கத்தை மீட்டுவிடுங்கள். உங்கள் விக்கி பதிவது நடந்ததை அல்ல, அதைச் சொன்ன விதத்தை. எங்கே தொடங்குவது, எதைப் பிறகு சொல்வது, யார் கண்ணால் காட்டுவது என்றெல்லாம் எழுதியவர் முடிவெடுத்திருந்தால் அங்கே உத்தி இருக்கிறது. கடல் வற்றுப்பெருக்கு அட்டவணைக்கோ தொலைபேசி விபரக்கொத்துக்கோ அது இல்லை. அவற்றுக்குப் பக்கமும் வேண்டாம்.

நொக்ஸ் இதற்கு மிக நல்ல சோதனை. புயலில் பாய்மரம் இழந்த அவருடைய கப்பல் மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் அவரும் கப்பல் தலைவரான அவருடைய தந்தையும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 1679இல் தப்பி, மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்ற ஊரில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. அதில் நான்கு பாகங்கள். முதல் மூன்றும் நாடு, அரசு, மக்கள் பற்றிய விவரணை. அவர் சிறைப்பட்டதும் தப்பியதும் நான்காம் பாகத்தில்தான் முழுமையாக வருகின்றன. இந்த வரிசையே ஓர் உத்தி. முட்கடவை (வழியை மறிக்கும் முள் வாயில்) என்றால் என்ன, காவல் எப்படி என்பதெல்லாம் வாசகருக்கு முன்பே தெரிந்துவிடுவதால், தப்பி ஓடும் இடத்தில் கதையை நிறுத்தி விளக்க வேண்டியதில்லை. தொப்பி பின்னி விற்கும் வியாபாரியாக ஊர் ஊராகத் திரிந்து வடக்கே வழி பார்த்தது இன்னோர் உத்தி: எல்லோரும் பார்க்கச் செய்யும் வேலைக்குள் ஒளிந்திருக்கும் திட்டம்.

1719இல் வந்த ரொபின்சன் குரூசோ நாவலுக்கு இந்த அனுபவமும் ஒரு மூலம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நொக்ஸ் பக்கத்தை நீக்கினால் அந்த நாவலின் பக்கத்திலும் ஓர் இணைப்பு அறுந்துபோகும்.

கேள்வி: சரி, சேர்த்துக்கொள்வோம். உண்மை மனிதர்களை 'வில்லன்', 'துரோகி' என்று உத்திப் பெயரால் குறிக்கலாமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: வாக்கியம் நூலைப் பற்றியதாக இருக்க வேண்டும். நொக்ஸைப் பிடித்து வைத்திருந்த கண்டி அரசனைப் பற்றி 'இரண்டாம் இராசசிங்கன் கொடுங்கோலன்' என்று எழுதினால் அது விக்கியின் தீர்ப்பு. 'இந்நூல் இராசசிங்கனைக் கொடுங்கோலனாகக் காட்டுகிறது. காட்டுபவர் அவனுடைய கைதி' என்று எழுதினால் அது உத்தி பற்றிய குறிப்பு.

உயிரோடு இருப்பவர்களுக்கு இதுவும் போதாது. போர்க்கால நினைவுக் குறிப்புகளில் நம் மாவட்டத்து மனிதர்கள் பெயரோடு வருகிறார்கள். நிரூபிக்கப்படாத ஒரு குற்றச்சாட்டை 'துரோகி' என்ற தலைப்பின் கீழ் போட்டால், நாலாவது திருத்தத்தில் நூலின் பெயர் விடுபட்டுக் குற்றச்சாட்டு மட்டும் நிற்கும். அதனால் அத்தகைய நூல்களுக்குக் காலம் முன்பின்னாக மாறுவது, கதைசொல்லியின் நிலை, தொடக்கம், முடிவு ஆகிய கட்டமைப்பு உத்திகளை மட்டும் அனுமதியுங்கள். பாத்திர வகை உத்திகள் வேண்டவே வேண்டாம்.

உத்திப் பக்கங்களின் அடியில் 'நிஜ வாழ்வில்' என்ற பகுதியையும் திறக்காதீர்கள். நூலாசிரியர் என்று ஒருவர் இல்லாத இடத்தில் பதிவதற்கு உத்தியே கிடையாது. அரசியல் சண்டைதான் மிஞ்சும். கதை உத்திகளைத் தொகுக்கும் ஆங்கில விக்கியான, 2004இல் தொடங்கிய டிவி ட்ரோப்ஸ் தளத்தில் ஆவணப்படங்களுக்கும் உண்மை நூல்களுக்கும் பக்கங்கள் உண்டு. ஆனால் ஏராளமான உத்திகளுக்கு நிஜ வாழ்வு உதாரணங்களை அது தடுத்தே வைத்திருக்கிறது.

கேள்வி: திருகோணமலைக் கோணேசர் கோயிலின் மரபைச் சொல்லும் 'கோணேசர் கல்வெட்டு' என்ற பழைய நூல் எந்தப் பிரிவில் வரும்? வரலாறா, புனைவா?
– வாசகர், திருகோணமலை

பதில்: இரண்டிலும் திணிக்க வேண்டாம். 'மரபு' என்று மூன்றாவது வகை வையுங்கள். அக்கோயிலைக் கட்டியதாக மரபு சொல்லும் மன்னன் குளக்கோட்டனின் திருப்பணியும் கந்தளாய்க் குளமும் எவ்வளவு வரலாறு என்று தீர்ப்பது கதை விக்கியின் வேலையல்ல. குளக்கோட்டன் கட்டியதைப் பறங்கியர் (போர்த்துக்கேயர்) உடைப்பர் என்று சொல்லும், திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டை வாயிலில் உள்ள கல்வெட்டை 'வருமுன் கூறல்' பக்கத்தில் தாராளமாகச் சேர்க்கலாம். அது எப்போது வெட்டப்பட்டது என்ற வாதம், அந்தப் பக்கத்தைப் பற்றி விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்துக்குப் போகட்டும்.

கேள்வி: எங்கள் விக்கி ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியில் இந்த வகைகளை எப்படிப் பிரிப்பது? தனிப் பெயர்வெளி (ஒரே முன்னொட்டில் தொடங்கும் பக்கங்களுக்கான தனிப் பிரிவு) வேண்டுமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: சிறிய தளத்துக்கு வேண்டாம். புதிய பெயர்வெளி, தேடலில் தானாகச் சேராது. அமைப்புக் கோப்பில் தனியே சேர்க்காவிட்டால் அந்த நூல்கள் வாசகர் கண்ணில் படா. ஏற்கெனவே 'உண்மைநூல்:' என்ற முன்னொட்டோடு பக்கங்கள் இருந்தால், பெயர்வெளியை உருவாக்கியதும் அவை திறக்காமல் போகும். நேம்ஸ்பேஸ்டூப்ஸ் என்ற பராமரிப்பு நிரலை ஓட்டினால்தான் மீளும். அப்படியும் பெயர்வெளிதான் வேண்டுமென்றால் 3000, 3001 என்று எண் கொடுங்கள். முதலாவது பக்கங்களுக்கு, அடுத்தது பேச்சுக்கு. 100க்கு அருகில் உள்ள எண்கள் நீட்சிகளோடு (மென்பொருளில் சேர்க்கும் கூடுதல் நிரல்களோடு) மோதக்கூடும்.

வார்ப்புருதான், அதாவது பல பக்கங்களில் இட்டுப் பயன்படுத்தும் பொது அச்சுதான், எளிய வழி. ஒவ்வொரு நூல் பக்கத்திலும் இடும் படைப்புப் பெட்டி வார்ப்புருவில் 'வகை' என்று ஓர் அளபுரு (நிரப்பும் இடம்) வைத்து, புனைவு, உண்மை, மரபு என்ற மூன்று மதிப்புகளை மட்டும் ஏற்கச் செய்யுங்கள். வேறெது எழுதினாலும், வெறுமையாக விட்டாலும் 'வகை சரிபார்க்க' என்ற பகுப்பில் விழட்டும். பகுப்பு வரிகளை, வார்ப்புருவைப் பயன்படுத்தும் பக்கங்களில் மட்டும் செயல்பட வைக்கும் இன்க்ளூட்ஒன்லி குறிகளுக்குள் இடாவிட்டால் வார்ப்புருப் பக்கமும் நூல்களோடு பட்டியலில் ஏறிவிடும். வார்ப்புருவை மாற்றியதும் பகுப்புப் பட்டியல் உடனே மாறாது. பின்னணிப் பணிவரிசை முடியும்வரை பொறுக்க வேண்டும். அவசரமென்றால் உரிய நூலின் பக்கத்தைத் தொகுக்கத் திறந்து எதையும் மாற்றாமல் சேமியுங்கள்.

நொக்ஸ், நாக்ஸ் என்று எழுத்து மாறும் பெயர்களுக்கு, ஒரு பெயரிலிருந்து மற்றதற்குத் தானாகக் கொண்டுபோகும் வழிமாற்றுப் பக்கம் அவசியம். இல்லாவிட்டால் ஒரே நூலுக்கு இரண்டு பக்கங்கள் முளைக்கும்.

கேள்வி: நூலிலிருந்து பத்திகளை எடுத்துப் போடலாமா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பொதுவாக ஆசிரியர் வாழ்நாளோடு மேலும் 70 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1681ஆம் ஆண்டு ஆங்கில மூலத்துக்குத் தடையில்லை. அதன் அண்மைக்காலத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. அதிலிருந்து ஒன்றிரண்டு வரிகளுக்கு மேல் எடுக்காதீர்கள். எடுத்த வரிக்குப் பக்க எண்ணோடு அவர் பெயரையும் போடுங்கள்.