சீட்டைத் தள்ளி எடுத்து அமெரிக்கப் பாலைவனம் பார்க்கலாமா?

கேள்வி: வணக்கமுங்க. அவிநாசிக்குப் பக்கத்துல 24 பவர் டேபிள் (தையல் மெஷின்) போட்டு நானும் சம்சாரமும் ஜாப் ஒர்க் பண்றோம். பையன் ப்ளஸ் டூ எழுதறான், 17 வயசு. பொண்ணுக்கு 13. என் மச்சான் டல்லாஸ்ல இருக்காருங்க. வர்ற மே மாசம் வந்துட்டுப் போங்கன்னு எங்க நாலு பேத்துக்கும் டிக்கெட் அவரே எடுத்துத் தர்றேங்கறாரு. விசா முன்னயே எடுத்தது இருக்குது. அப்படியே லாஸ் வேகஸ் போய் கார் எடுத்துக்கிட்டு ஒரு வாரம் டெத் வேலி, ஸயான், பிரைஸ் கேன்யன், கிராண்ட் கேன்யன் பார்த்துட்டு வரலாம்னு பையனுக்கு ரொம்ப ஆசை. மச்சானுக்கு லீவு இல்லை, நாங்களேதான் போகணும். இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் 6 லட்சம் ஆகும்னு டிராவல்ஸ்ல சொல்றாங்க. 10 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, 20 மாசம், இப்ப பத்தாவது மாசம் நடக்குது. இப்ப கேட்டா 8 லட்சத்துக்குப் போகும். ஆர்.டி.யில 3 லட்சம் இருக்குது. சீட்டை எடுக்கறதா, நகையை வைக்கறதா? பார்க் பாஸ் 80 டாலர்தான், என் பேர்லயே எடுத்துத் தர்றேன், காரையும் என் பேர்லயே போட்டுடலாம்னு மச்சான் சொல்றாரு. ஆடிட்டர்கிட்ட சொல்லிச் செலவைக் கம்பெனி கணக்குல போட்டுக்கலாமுங்களா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் சீட்டு. அதைத் தொடாதீங்க.

கணக்கைப் பாருங்க. கடைசி மாதம் வரை பொறுத்தால், கம்பெனி கமிஷன் 5 சதவீதம் போக உங்கள் கைக்கு 9.5 லட்சம் வரும். இன்றைக்கு எடுத்தால் 8 லட்சம். இனிமேல் கட்ட வேண்டிய தவணையும் அதில் கழிகிற கசரும் (ஏலத் தள்ளுபடியில் உங்கள் பங்கு) இரண்டு வழியிலும் ஒன்றுதான். ஆக, 8 லட்சத்தைப் பத்து மாதம் முன்னால் வாங்குவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை 1.5 லட்சம். வருஷ வட்டியாக மாற்றினால் 22.5 சதவீதம். சீட்டை யாரும் கடன் என்று சொல்வதில்லை, அதனால் இந்த வட்டி கண்ணில் படுவதில்லை. நூல் வாங்கவோ மெஷின் வாங்கவோ எடுத்தால் அந்தப் பணம் திரும்பச் சம்பாதித்துத் தரும். சுற்றுலாவுக்கு எடுக்கிற பணம் என்ன தரும்?

நகைக் கடன் இதைவிட எவ்வளவோ மேல். 9.5 சதவீதம் என்று வைத்தாலும், 4 லட்சத்துக்கு (6 லட்சம் ஆகாது, கீழே கணக்குப் போட்டிருக்கிறேன்) பத்து மாத வட்டி சுமார் 31,700 ரூபாய்தான். ரிசர்வ் வங்கியின் புது விதிப்படி 2026 ஏப்ரல் 1 முதல் 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதமும், 5 லட்சம் வரை 80 சதவீதமும் தரலாம். தருகிறார்களே என்று கை நீட்டிவிடாதீங்க. ஜூனில் பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் இருக்கிறது. அதைத் தாண்டினால் தீபாவளி போனஸ். நடுவில் பார்ட்டி செக் ஒரு வாரம் தள்ளினாலே சனிக்கிழமை சம்பளத்துக்கு நீங்கள் யாரைத் தேடுவீர்கள் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. 2025 ஆகஸ்ட் கடைசியில் இதே அமெரிக்கா நம் துணிக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பட்ட பாடு மறந்திருக்காது. அந்த மாதிரி நேரத்தில் நகை பீரோவில் இருக்க வேண்டும்.

என் யோசனை: மச்சானிடம் பேசி, அடுத்த வருஷம் ஏப்ரல் கடைசிக்குத் தள்ளி வையுங்க. தை மாதம் சீட்டு முடிந்து 9.5 லட்சம் வந்துவிடும். ஆர்.டி. 3 லட்சத்தோடு சீட்டிலிருந்து ஒரு லட்சமோ ஒன்றரையோ எடுத்தால் போதும். கடனே வேண்டாம். வெயிலுக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. டெத் வேலியில் மே மாதப் பகல் வெப்பம் சராசரியாக 38 டிகிரி செல்சியஸ், கரூர் வெயில் பார்த்தவர்களுக்கு அது புதுசில்லை. ஜூலையில் 47 டிகிரி, அப்போது மட்டும் வேண்டாம். 1913 ஜூலையில் அங்கே 56.7 டிகிரி பதிவாகி, இன்றைக்கும் அதுதான் உலக சாதனைக் கணக்கில் நிற்கிறது. பிரைஸ் கேன்யன் அப்படியே தலைகீழ். 8,000 அடிக்கு மேலே இருப்பதால் ஏப்ரலிலும் ராத்திரி உறைபனிக்குப் போகும். ஒரே பெட்டியில் பருத்திச் சட்டையும் ஸ்வெட்டரும் வைக்க வேண்டிய பயணம் இது.

தள்ளிப் போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் பூங்காவுக்கு உள்ளேயே இருக்கும் விடுதிகளுக்கு 13 மாதம் முன்பே புக்கிங் திறந்துவிடுகிறார்கள். இந்த மே மாதத்துக்கு இப்போது தேடினால் வெளியே தூரத்தில், கேட்ட விலைக்குத்தான் கிடைக்கும். மே கடைசித் திங்கள் அங்கே மெமோரியல் டே விடுமுறை, அந்த வாரக் கடைசியில் வாடகை எகிறும்.

இனி அந்த 6 லட்சம். நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்து. நீங்கள் போகும்போது விலை மாறியிருக்கும், அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்க. வேகஸில் ஆரம்பித்து டெத் வேலி போய்த் திரும்பி, ஸயான், பிரைஸ், வழியில் பேஜ் என்கிற ஊர், கிராண்ட் கேன்யன் சுற்றி மறுபடி வேகஸ் வர, உள்சுற்றும் சேர்த்து 1,200 மைல், அதாவது 1,900 கிலோமீட்டர் சொச்சம். எஸ்யூவி ஒரு கேலனுக்கு 25 மைல் கொடுத்தால் 48 கேலன். கேலன் 4 டாலர் என்றாலும் பெட்ரோல் 200 டாலருக்குள் முடிந்துவிடும். டல்லாஸ்–வேகஸ் விமான டிக்கெட் நாலு பேருக்கு 800, இன்சூரன்ஸோடு கார் 700, ஏழு ராத்திரி அறை 1,400, பாஸ் 250, சாப்பாடு 600, சில்லறைச் செலவு 350. மொத்தம் 4,300 டாலர், 3.87 லட்சம் ரூபாய். பயண இன்சூரன்ஸ் தனி. சாப்பாட்டுக்கு 600 போதுமா என்று கேட்பீர்கள். ஒரு சின்ன எலெக்ட்ரிக் குக்கரும், வேகஸ் கடையில் வாங்கின அரிசி பருப்பும் இருந்தால் நம்ம அரிசியும் பருப்பு சாதத்தை, சமைக்க விடும் அறைகளில் ஆக்கிவிடலாம். பூங்காவுக்குள் இருக்கும் கடைகளில் வாங்கினால் போதாது. பெட்ரோலும் அப்படித்தான். வேகஸிலிருந்து டெத் வேலி நடுப்பகுதிக்கு 120 மைல், வழியில் பரம்ப் ஊரிலேயே டேங்கை நிரப்பிவிடுங்க. உள்ளே விலை கூடுதல்.

இப்போது அந்த 80 டாலர் பாஸ். இங்கேதான் ஏமாந்துவிடுவீர்கள். 2026 ஜனவரி 1 முதல் விதி மாறிவிட்டது. தேசியப் பூங்காக்களுக்கான வருடப் பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250 டாலர். வெளிநாட்டவர் பாஸ் இல்லாமல் போனால், கூட்டம் அதிகமாக வரும் 11 பூங்காக்களில் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 100 டாலர் கூடுதல். உங்கள் பட்டியலில் ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றும் அந்த 11-இல் வருகின்றன. டெத் வேலி வரவில்லை. உங்களில் 16 தாண்டியவர்கள் மூன்று பேர். மூன்று பேர், மூன்று பூங்கா, 900 டாலர். வண்டிக் கட்டணம் ஸயானுக்கும் பிரைஸுக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் 35 டாலர் வீதம், டெத் வேலிக்கு 30. கூட்டினால் 1,035 டாலர். 250 டாலர் பாஸ் ஒன்று எடுத்தால் காரில் இருக்கும் நாலு பேருக்கும் நாலு பூங்காவுக்கும் அதுவே போதும். மிச்சம் 785 டாலர், ஏறக்குறைய 70,000 ரூபாய்.

மச்சான் பேரில் எடுக்கும் 80 டாலர் பாஸ் செல்லாது. பாஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வண்டியில் இருக்க வேண்டும், வாசலில் போட்டோ அடையாள அட்டை கேட்பார்கள். 170 டாலர் மிச்சம் பிடிக்கப் போய், பொண்ணு பையன் முன்னால் கேட்டில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கார் விஷயத்தில் மச்சான் சொல்வது இன்னும் ஆபத்து. அவர் பேரில் வாடகை எடுத்து, ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத நீங்கள் ஓட்டினால், விபத்து நடந்த நிமிஷமே இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும். உங்கள் பெயரில், உங்கள் கிரெடிட் கார்டில் எடுங்க. சம்சாரமும் ஓட்டுவாங்க என்றால் அவங்க பெயரையும் சேர்த்துவிடுங்க.

இந்த இன்சூரன்ஸைச் சித்த பொறுமையாகப் படியுங்க. நம் ஊரில் தேர்டு பார்ட்டி பாலிசி கட்டாயம், அடிபட்டவருக்குக் கோர்ட் எவ்வளவு தீர்ப்புக் கொடுத்தாலும் உச்சவரம்பு கிடையாது. அந்தப் பழக்கத்தில், வண்டியில் இன்சூரன்ஸ் இருக்கிறது என்றால் முழுசாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அங்கே ஒவ்வொரு மாநிலமும் குறைந்தபட்சத் தொகை ஒன்று வைத்திருக்கிறது. நெவாடாவில் அடிபட்ட ஒருவருக்கு 25,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 50,000. அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்கு அது எந்த மூலைக்கு? அதற்கு மேல் வருவது உங்கள் பொறுப்பு. ஆகவே இரண்டு கேள்வி கேளுங்க. வாடகைக் காருக்கு வரும் சேதத்தை மூடுகிறதா? எதிராளிக்குக் கொடுக்க வேண்டியதற்குக் கூடுதல் காப்பீடு சேர்ந்திருக்கிறதா? இந்தியாவிலிருந்து புக் செய்யும்போது இரண்டையும் சேர்த்தே கிடைக்கும் கட்டணங்கள் உண்டு. அங்கே போய்க் கவுன்டரில் தனித்தனியாகச் சேர்த்தால் வாடகை அளவுக்கே இன்சூரன்ஸும் ஏறிவிடும். ஒரு வாரச் செலவில் நான் எங்கே கை வைத்தாலும் இந்த இடத்தில் வைக்க மாட்டேன்.

அந்தக் காப்பீடும் தார் ரோட்டோடு சரி. டெத் வேலியில் தானாக நகரும் கற்கள் இருக்கும் ரேஸ்டிராக் பகுதிக்கு 27 மைல் கல்லும் மண்ணுமான பாதை. பையன் கட்டாயம் கேட்பான். வாடகைக் காரில் வேண்டாம். அங்கே டயர் கிழிந்தால் இழுத்து வரவே ஆயிரக்கணக்கில் டாலர் போகும்.

கேரவன் மாதிரி பெரிய வண்டி எடுத்தால் அறை வாடகை மிச்சமே என்று யாராவது சொன்னால் அதுவும் வேண்டாம். ஸயானில் 1930-இல் முடித்த மலைச் சுரங்கப்பாதை குறுகலானது. 2026 ஜூன் முதல் பெரிய வண்டிகளை அந்த வழியில் விடுவதில்லை, சுற்றிக்கொண்டுதான் பிரைஸ் போக வேண்டும்.

பணம் கொண்டுபோவது. சில வருஷம் முன் நான் வேகஸ் கார் கவுன்டரில், முன்பே டாலர் ஏற்றி வைத்திருந்த ஃபாரெக்ஸ் கார்டை நீட்டிவிட்டு அசடு வழிந்து நின்றிருக்கிறேன். டெபாசிட்டுக்கு அதை எடுக்க மாட்டோம், ஓட்டுபவர் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும் என்றார்கள். பின்னால் ஒரு கூட்டமே பெட்டியோடு காத்திருந்தது. எனவே கார், அறைக்கு கிரெடிட் கார்டு, மற்றதுக்கு ஃபாரெக்ஸ் கார்டு. சாதாரண கிரெடிட் கார்டில் அன்னியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன் மேல் ஜி.எஸ்.டி., ஆக 4.13 சதவீதம். இந்தக் கட்டணம் இல்லாத கார்டுகளும் இருக்கின்றன, ஒரு வருஷம் கையில் இருப்பதால் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். கார்டு மெஷின் ரூபாயா டாலரா என்று கேட்டால் டாலரையே அமுக்குங்க. பெட்ரோல் பங்கில் கார்டைப் போட்டதும் அந்த ஊர் பின்கோடு கேட்கும், நம் கார்டு அங்கே திணறும். உள்ளே போய்க் காசாளரிடம் கட்டிவிட்டு வந்து அடித்துக்கொள்ளுங்க. ரொக்கமும் கொஞ்சம் இருக்கட்டும். ஆனால் டெத் வேலி நுழைவுக் கட்டணத்துக்கு 2023 முதல் ரொக்கம் வாங்குவதில்லை.

வரி. ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுவது உட்பட ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்குள் வெளிநாட்டுக்குப் போனால் டி.சி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) இல்லை. டிராவல்ஸில் பேக்கேஜாக வாங்கினால் உண்டு, அது 2026 பட்ஜெட்டில் 2 சதவீதமாகக் குறைந்தது. ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். கம்பெனி கணக்கில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். குடும்பத்தோடு போய்ப் பள்ளத்தாக்கு பார்த்துவிட்டு வருவது உங்கள் பவர் டேபிளுக்கு என்ன தொழில் செலவு என்று அதிகாரி கேட்டால் நீங்களும் ஆடிட்டரும் என்ன சொல்வீர்கள்? வேண்டாம். வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவு செய்தால், வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும்.

பயண இன்சூரன்ஸ் நாலு பேருக்கும் இங்கேயே எடுத்துவிடுங்க, தலைக்கு ஒரு லட்சம் டாலருக்குக் குறையாமல். உங்களுக்கோ சம்சாரத்துக்கோ சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்க. மறைத்தால் கிளெய்ம் போகாது.

ஓட்டுவதற்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரம் நம் ஆர்.டி.ஓ. ஆபீசில் 1,000 ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு வருஷம்தான் செல்லும். அதனால் இப்போது ஓடிப் போய் வாங்கிவிடாதீங்க, அடுத்த மாசியில் எடுத்தால் போதும்.