பேக்ஃப்ளோ வால்வும் வருடாந்திரச் சோதனையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வீட்டுத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பிப் போவதுதான் பேக்ஃப்ளோ. பருவமழைக்கு முன்பே சம்ப் (தரைக்கீழ்த் தொட்டி), மோட்டார், என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) பற்றிய சந்தேகங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். பலருக்கும் பயன்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மடிப்பாக்கம் வாசகி: மெட்ரோ வாட்டர் தெருவிலிருந்து வீட்டுக்குத்தானே சார் வருகிறது? எப்படித் திரும்பிப் போகும்?

அழுத்தம் எங்கே குறைவோ அங்கே தண்ணீர் போகும் மேடம், அதற்குத் தெரு, வீடு என்ற கணக்கு கிடையாது. நம் சென்னையில் பல தெருக்களில் சில மணி நேரம்தான் சப்ளை. நிறுத்தியதும் தெருக்குழாயில் மிச்சம் இருப்பது பள்ளமான வீடுகளுக்கு வடியும், மேட்டில் இருக்கும் குழாய் உறிஞ்ச ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டில் மெயின் லைனிலேயே மோட்டார் போட்டு இழுத்தாலும் இதேதான். அந்த நேரத்தில் உங்கள் வீட்டு ஹோஸ் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் கிடந்து, டேப்பும் திறந்திருந்தால், அந்தத் தண்ணீர் லைனுக்குள் போய்விடும். இன்னொரு வழி, நம் பக்கத்து அழுத்தம் கூடுவது. போர் மோட்டாரோ பூஸ்டர் பம்போ தள்ளினால், தெருவில் சப்ளை இருக்கும்போதே எதிர்ப்பக்கம் போகும்.

1933-இல் சிகாகோவில் இரண்டு ஓட்டல்களின் குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்து அமீபா சீதபேதி பரவியது. 98 பேர் இறந்தார்கள். அமெரிக்க நகரங்கள் இன்று இதில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட சாவுகள் இருக்கின்றன.

பெரம்பூர் வாசகர்: போர் லைனும் மெட்ரோ லைனும் ஒரே குழாயில் சேர்கின்றன. நடுவில் இரண்டு கேட் வால்வு உண்டு. போதாதா?

போதாது. வந்த கேள்விகளிலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். கேட் வால்வு, யாராவது மறக்காமல் மூடினால்தான் மூடும். மூடினாலும் நாலைந்து வருடத்தில் சீட்டில், அதாவது கதவு அழுந்தி மூடும் இடத்தில், மணலும் துருவும் சேர்ந்து தண்ணீர் கசியும். போர் மோட்டார் ஓடும்போது உங்கள் உப்புத் தண்ணீர் தெருவுக்கே போகலாம். செப்டிக் டேங்க் பக்கத்தில் இருக்கிற போர் என்றால் உப்பு மட்டும் போகாது.

இணைப்பை வெட்டிவிடுங்கள். இரண்டு லைனையும் தனித்தனியாகச் சம்ப்புக்குள் மேலிருந்து விழ விடுங்கள். குழாயின் வாய்க்கும் தண்ணீர் எட்டக்கூடிய உச்ச மட்டத்துக்கும் நடுவே குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும், எப்படியும் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஒரு அங்குலக் குழாய்க்கு இரண்டு அங்குலம். எந்த வால்வும் இந்த வெறும் காற்று இடைவெளிக்கு ஈடாகாது. அதில் தேய ஒன்றும் இல்லை, பழுதாக ஒன்றும் இல்லை.

மயிலாப்பூர் வாசகர்: என்.ஆர்.வி. போட்டு எட்டு வருடம் ஆகிறது. வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். தெருப்பக்கக் கேட் வால்வுக்கும் என்.ஆர்.வி.க்கும் நடுவே ஒரு அரை அங்குல டேப் வைக்கச் சொல்லுங்கள். சப்ளை இல்லாத நேரத்தில் கேட் வால்வை மூடி, அந்த டேப்பைத் திறங்கள். குழாயில் தங்கியது வடிந்து நின்றுவிட்டால் சரி. சொட்டிக்கொண்டே இருந்தால் என்.ஆர்.வி. பிடிக்கவில்லை. சப்ளை நேரத்தில் செய்தால் கேட் வால்வு கசிவதை என்.ஆர்.வி. கசிவு என்று நினைத்துவிடுவோம். இன்னொன்று, வால்வுக்கு அந்தப்பக்கம் மாடி டேங்க் தண்ணீரின் அழுத்தம் இருந்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம்.

எட்டு வருடம் ஆகிவிட்டதால் ஒருமுறை கழற்றியே பாருங்கள். நம் ஊர்ப் போர்த் தண்ணீர் ஓடிய வால்வைத் திறந்தால் உள்ளே திறந்து மூடும் மடலைச் சுற்றி வெள்ளையாக உப்புக் காரை படிந்திருக்கும். சீட்டின் ஓரத்தில் விரலை ஓட்டினால் சொரசொரவென்று தட்டும். ரப்பர் விறைத்துப்போய், வளைத்தால் வெடிக்கும். காரையை வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். ஆசிட் வேண்டாம், பித்தளையை அரித்துவிடும். ரப்பரை மாற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது வால்வின் உடம்பில் இருக்கும் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்கட்டும். மடல் கதவு போல ஆடும் ஸ்விங் வகையை மேலிருந்து கீழே ஓடும் குழாயில் போடக் கூடாது, மடல் தானாகவே திறந்து தொங்கும்.

ஓ.எம்.ஆர். அலுவலகப் பராமரிப்பாளர்: அமெரிக்க கிளையன்ட் ஆடிட்டில் பேக்ஃப்ளோ டெஸ்ட் சான்றிதழ் கேட்கிறார்கள். எதைச் சோதிப்பது?

அங்கே பல நகரங்களில், சான்று பெற்ற ஆள் வருடத்துக்கு ஒருமுறை சோதித்து அறிக்கை தரவேண்டும். அந்த வழக்கத்தில்தான் கேட்கிறார்கள் தம்பி. உங்களிடம் இருப்பது சாதாரண என்.ஆர்.வி. என்றால் அதற்கு அந்தச் சான்றிதழ் வாங்க முடியாது. சோதிக்கக்கூடியது ஆர்.பி.இசட். என்ற பேக்ஃப்ளோ தடுப்பான்; அதில் இரண்டு செக் வால்வு (ஒருவழி வால்வு), நடுவில் தண்ணீரை வெளியே விடும் ஒரு ரிலீஃப் வால்வு, கேஜ் மாட்ட நாலு டெஸ்ட் காக் (சிறு குழாய்) இருக்கும். கேஜ் மாட்டிப் பார்க்கும்போது முதல் செக் 5 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) வித்தியாசத்தையாவது தாங்கவேண்டும். முதல் செக்கின் இரு பக்க அழுத்த வித்தியாசம் 2 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போவதற்குள் ரிலீஃப் திறந்து தண்ணீரை வெளியே கொட்டிவிட வேண்டும். இரண்டாவது செக் பின்னழுத்தத்தில் கசியாமல் நிற்கவேண்டும். அந்தக் கேஜையும் வருடா வருடம் காலிபரேட் செய்திருக்க வேண்டும், ஆடிட்டர் அதையும் கேட்பார்.

இதைத் தரைக்குக் கீழே குழியில் வைத்துவிடாதீர்கள். நவம்பர் மழையில் குழி நிரம்பினால், ரிலீஃப் துவாரம் வழியாகவே சாக்கடைத் தண்ணீர் உள்ளே வரும். தரைக்கு மேலே, பக்கத்தில் நல்ல வடிகாலோடு வையுங்கள். கூலிங் டவர், பாய்லர், எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு) தண்ணீர் போகும் ஃபிளஷ் லைன், மூன்றும் குடிநீர் லைனை எங்கே தொடுகின்றன என்றும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

வில்லிவாக்கம் வாசகி: ஹெல்த் ஃபாசெட்டால் ஆபத்து உண்டா?

உண்டு. கழிப்பறையில் கழுவ வைத்திருக்கும் அந்தக் கைக்குழாயின் ஹோஸ் தலை கிளாசெட் தண்ணீருக்குள்ளோ வாளிக்குள்ளோ இறங்கும் அளவுக்கு நீளம் வேண்டாம். கொக்கியில் மாட்டிவையுங்கள், சுவர் வால்வை மூடிவையுங்கள்.

வேளச்சேரி வாசகர்: மழையில் கீழ்த்தளக் குளியலறை வழியாகச் சாக்கடை ஏறுகிறது. இதற்கும் இதே வால்வா?

இல்லை, இது கழிவுநீர் லைன். அங்கே ரிஃப்ளக்ஸ் வால்வு, அதாவது சாக்கடை திரும்பி ஏறாமல் தடுக்கும் மடல் வால்வு வேண்டும், வெளிச் சேம்பருக்கு முன்னால். அது மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. மாடியில் இருப்பவர்கள் குளித்தால் கீழ்த்தளத்தில்தான் நிரம்பும், எல்லோரிடமும் முன்பே சொல்லிவையுங்கள். மடலில் முடியும் துணியும் சிக்கும் என்பதால் செப்டம்பரிலேயே திறந்து சுத்தம் செய்யுங்கள். சம்ப்பின் ஓவர்ஃப்ளோ குழாய் நேராகச் சாக்கடையில் சேர்ந்திருந்தால் அதையும் உடனே துண்டியுங்கள்.

அம்பத்தூர் வாசகர்: எங்களிடம் ஆர்.ஓ. இருக்கிறதே?

ஆர்.ஓ. சமையலறையில் இருக்கிறது. பல் துலக்குவதும் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் வேறு குழாயில். தெருவில் மற்றவர்களுக்குப் போவதை அது தடுக்காது.

தி.நகர் வாசகி: கலந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? உடனே என்ன செய்வது?

மெட்ரோ தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் பார்க்கும் கிட் கடையில் கிடைக்கும். சப்ளை நேரத்தில், சம்ப்புக்குள் விழும் இடத்திலேயே பிடித்துப் பாருங்கள். வழக்கமாக மஞ்சளாகும் தண்ணீர் திடீரென்று நிறமே காட்டாவிட்டால், அல்லது கலங்கலும் நாற்றமும் இருந்தால், சம்ப்புக்குள் விட வேண்டாம். மெட்ரோ வாட்டரின் 1916 எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். குடிக்கவும் சமைக்கவும் வேண்டியதை நன்றாகக் கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே சம்ப்பில் இறங்கியிருந்தால், மோட்டார் சுவிட்சை முதலில் அணையுங்கள். மாடி டேங்க்குக்கு ஏறிவிட்டால் இரண்டையும் கழுவ வேண்டிவரும்.